ஷேக்கருக்குப் பூஜை போட்ட நாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, அந்தக் கோபத்தில் முக்கால்வாசி ஒரு புரோட்டீன் மேல்தான் இருந்தது.

அது செல்லுக்குள் சேதி கடத்துகிற புரோட்டீன். வெளியிலிருந்து வரும் தகவலை வாங்கிக்கொண்டு, அடுத்த புரோட்டீன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும், அதுதான் சேதி. இதைச் செய்ய அது ஒழுங்காக மடங்கி, தனக்குரிய உருவத்துக்கு வர வேண்டும். என்னுடையதா, வரவே வராது! பாக்டீரியாவுக்குள் அதைத் தயாரிக்க வைத்து, செல்களை உடைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுவேன். மேலே தெளிந்த நீரில் இருக்க வேண்டியது, திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக அடியில் போய் உட்கார்ந்திருக்கும். எதற்கும் உதவாது. இப்படியே வருஷங்கள் ஓடின.

எங்கள் கைடு மைசூர்க்காரர், அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் கூப்பிட்டு, தீபாவளிக்குள் வரவில்லையென்றால் இதை விட்டுவிடு, வேறு டாபிக் தருகிறேன் என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். எவ்வளவு திட்டினாலும் அது என் புரோட்டீன் இல்லையா? இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்கு மனசே இல்லை. போதாக்குறைக்கு, தயாரிப்பைத் தொடங்கச் சொல்லி பாக்டீரியாவைத் தூண்டுகிற மருந்து எங்கள் மாடி முழுக்கத் தேடினாலும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருந்தது. அடுத்தது வெளிநாட்டிலிருந்து வர மாசக்கணக்காகும்.

அந்தக் கடைசி முயற்சிக்கு ஒரு லீவு நாளைத் தேர்ந்தெடுத்தேன். லேப் காலியாக இருக்கும், யாரும் மிஷினுக்குச் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று கணக்கு. அது ஆயுத பூஜை நாள். நான் லிங்கராஜபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். முந்தின வருஷங்களில் அந்த லீவுக்கு வீட்டிலேயே தூங்கிவிட்டவள். லேபில் என்ன நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

விடியற்காலையிலேயே போய், பாக்டீரியாக் குடுவைகளை ஷேக்கரில் வைத்தேன். உடம்புச் சூட்டில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருக்கும் பெட்டி அது. பாக்டீரியா பெருகிக் குடுவைத் திரவம் நன்றாகக் கலங்கியதும் மருந்தைப் போட்டுவிட்டு, நிம்மதியாக இட்லி சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் லேபெல்லாம் சாம்பிராணிப் புகை. ஷேக்கருக்கு விபூதிப் பட்டை, குங்குமம், சாமந்தி மாலை. சத்தமே இல்லை. சுவிட்சை அணைத்திருந்தார்கள்.

"யாரு இதை ஆஃப் பண்ணது?" என்று கத்தினேன்.

எங்கள் அட்டெண்டர், ஜோகுபாளையத்துக்காரர், பூஜைத் தட்டோடு வந்தார். அண்ணா என்றுதான் கூப்பிடுவோம்.

"நான்தாம்மா. இன்னிக்கு மிஷின் எதையும் ஓட்டக் கூடாதில்ல? நாளைக்குக் காலைல நானே வந்து ஆன் பண்றேன்."

"ஐயோ அண்ணா, உள்ள என் உசுரே இருந்துச்சு!"

"ஒண்ணும் ஆவல. பத்திரமா எறக்கி மேஜை மேல வெச்சிருக்கேன். உன் பாட்டிலுக்கும் பொட்டு வெச்சிருக்கேன், பாரு."

பார்த்தேன். வைத்துத்தான் இருந்தார்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பக்கத்து மேஜைத் தோழி கடலைப்பொரியை மென்றுகொண்டே, "திட்டி முடிச்சிட்டியா? முடிச்சிட்டேன்னா கையால குலுக்குடி, பூஜை போட்டத இன்னிக்கு ஆன் பண்ண விட மாட்டாரு. அதுங்களுக்குக் காத்து வேணும்" என்றாள்.

குலுக்கினேன். கை வலித்தபோது அவள் குலுக்கினாள். பொரி வாங்க வந்தவர்களெல்லாம் ஒரு கையில் பொரி, இன்னொரு கையில் என் குடுவை என்று நின்று ஊர்க்கதை பேசினார்கள். எல்லோரையும்விட அதிகம் குலுக்கியது அண்ணாதான். பூசணிக்காய் உடைக்கப் போனவர்கூட ஓடி வந்து மறுபடி பிடித்துக்கொண்டார். என்னையறியாமல் நானும் சிரிக்க ஆரம்பித்திருந்தேன். எல்லாம் போனதுதான் போனது, இவ்வளவு பேரோடு போகட்டுமே என்று தோன்றியது. சாயங்காலம் குடுவைகளைக் குளிர் அறையில் வைத்துவிட்டுப் போனேன். நல்லவேளை, அதை மட்டும் அணைக்காமல் பொட்டு வைத்ததோடு விட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அண்ணா கற்பூரம் காட்டி மிஷின்களை ஓட விட்டார். செல்களை உடைத்துச் சுற்றினேன். அடியில் கட்டி கொஞ்சம்தான் இருந்தது. அப்படியென்றால் மிச்சம் எங்கே? மேலே தெளிந்த நீரிலா? நம்பிக்கை வரவில்லை. மடங்கியிருந்தால் மட்டும் போதாது, சேதி கடத்த வேண்டும். கதிரியக்கப் பாஸ்பேட்டைக் கொடுத்து, அதை ஒட்டுகிறதா என்று எக்ஸ்ரே ஃபிலிமில் பார்த்தேன்; ஒட்டியிருந்தால் அந்த இடம் கறுக்கும். இருட்டறையில் ஃபிலிமைக் கழுவக் கழுவ, நடுவில் கன்னங்கரேலென்று ஒரு கோடு எழும்பியது. நான் போட்ட கூச்சலில் வெளியே நின்றவர்கள் ஷாக் அடித்துவிட்டதென்று கதவைத் தட்டினார்கள்.

தண்ணீர் சொட்டச் சொட்ட ஃபிலிமோடு கைடு அறைக்கு ஓடினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எத்தனை டிகிரி சூட்டில் வளர்த்தாய் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. குளிரில் பாக்டீரியா அவசரப்படாமல் வேலை செய்யும், புரோட்டீனுக்கு மடங்க நேரம் கிடைக்கும் என்பது நாங்கள் படித்த விஷயம்தான். குளிர வைக்கிற ஷேக்கர் நம்மிடம் இல்லையே என்று விட்டுவிட்டோம். அக்டோபரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிற ஊரில், சூட்டை அணைத்தால் போதும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள்!

"பரவாகில்வே!" என்றார் கன்னடத்தில், பரவாயில்லையே என்று. பிறகு, டாபிக் மாற்றும் பேச்சே இனி வேண்டாம் என்றார்.

அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போய், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். செல், சேதி, பாஸ்பேட், கறுப்புக் கோடு. அம்மா ரொம்பப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள். "அப்ப இனிமே தட்டுல சோத்தப் போட்டா, வெறிச்சுப் பாத்துட்டு உக்காராம சாப்புடுவியா?"

தலையை ஆட்டினேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டு எடுக்கப் போனாள்.