பின்சுவர்ச் சாரத்தில் பதினொரு பேர்

அவளை எல்லோரும் அட்டைக்கார அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டடம் எழும் இடத்தில் சாரத்தைச் சோதிப்பது அவள் வேலை. காலை ஏழரைக்குள் ஒவ்வொரு சாரத்திலும் அடியிலிருந்து உச்சிவரை ஏறி இறங்கி, ஏணியடியில் ஓர் அட்டையை மாட்டிக் கையெழுத்துப் போடுவாள். பச்சை என்றால் ஏறலாம். சிவப்பு என்றால் முதலாளியே வந்து நின்றாலும் ஏறமுடியாது.

“சரியாத்தான் பேரு வெச்சிருக்கானுங்க. அட்டை மாதிரியே, ஒட்டிக்கிட்டா விடமாட்டா” என்று அங்கே ஒரு கொத்தனார் சொல்லிச் சிரிப்பார். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் அவளுடைய வீட்டுக்காரர். வேலை இடத்தில் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: அவள் அவரைக் ‘கொத்தனாரே’ என்பாள், அவர் அவளை ‘மேடம்’ என்பார். அந்த ‘மேடத்’தில் எவ்வளவு கேலி என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. காய்ச்சலில், படுக்கையில், தூக்கத்தோடு போனாள். உயரத்தை அவ்வளவு நேசித்தவளுக்குத் தரையில்தான் முடிவு வந்தது. அவளைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் அந்த ஒரு காலைப்பொழுதைச் சொன்னால் போதும்.

அதற்கு முன்னால் ஒன்று மட்டும். அவளும் சித்தாளாக வந்தவள்தான். இருபத்திரண்டு வயதில் கலவைச் சட்டியோடு நடந்தபோது ஒரு பலகை புரண்டு, ஒரு மாடி உயரத்திலிருந்து மணல் குவியலில் விழுந்தாள். எழுந்து மணலைத் தட்டிவிட்டு, “அந்தப் பலகைய யாரு போட்டது?” என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. நான்கு நாள் கேட்டாள். “அப்ப அது தானா பறந்து வந்து படுத்துக்கிச்சா?” என்று மேஸ்திரியிடம் சண்டை போட்டாள். அந்தக் கோபம் அடங்காமல்தான் மாலை வகுப்பில் சேர்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே சமைத்து, சாரச் சோதனைக்கான சான்றிதழை வாங்கினாள். கையெழுத்துப் போடும் பேனாவை எப்போதும் ஹெல்மெட்டின் பட்டையில் செருகி வைத்திருப்பாள்.

அன்று பதினொரு மணிக்கு அரசு ஆய்வாளர் வருகிறார். இடமே கல்யாண வீடு போலப் பரபரத்தது. புது ஹெல்மெட்டுகள் வந்திறங்கின. குழிகளைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். எச்சரிக்கைப் பலகைகளில் படிந்திருந்த சிமெண்டை ஒருவன் ஆணியால் சுரண்டிக்கொண்டிருந்தான். இளம் என்ஜினியர் காதில் போனும் கையில் வாக்கிடாக்கியுமாக நான்கு பக்கமும் ஓடினார்.

பின்சுவர்ச் சாரத்துக்கு ஏழு பத்துக்கே பச்சை அட்டை மாட்டிவிட்டாள். ஐந்து மாடிக்கும் எழும்பிய இரும்புக் குழாய்ச் சாரம் அது. அவ்வளவு உயரமான சாரம் தன் காலில் மட்டும் நிற்காது, கட்டடத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதற்காக ஜன்னல் திறப்புகளின் வழியே பன்னிரண்டு பிடிப்புக் குழாய்களை உள்ளே விட்டு, சுவரோடு இறுக்கியிருந்தார்கள். அவை ஒவ்வொன்றிலும் அவள் தன் கையாலேயே மஞ்சள் பெயிண்டில் ஒரு வளையம் போட்டிருந்தாள். காலையில் எண்ணியபோது பன்னிரண்டும் இருந்தன.

பத்தரை மணிக்குக் கோப்பும் கையுமாக மூன்றாம் மாடி அறை ஒன்றைக் கடந்தவள் அப்படியே நின்றாள். மூலையில் இரும்புக் குழாய்கள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் வளையம்.

பக்கத்தில் ஜன்னல் பொருத்தும் இருவர் துளைபோடும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இத யாருப்பா கழட்டினது?”

“நாங்கதான்கா. ஜன்னல் வெக்க முடியாம குறுக்க நின்னுச்சு” என்றான் பெரியவன். அவள் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்தான்: “பத்திரமா அடுக்கி வெச்சிருக்கோம்கா. ஒண்ணு கூடத் தொலையல.”

“எப்ப?”

“எட்டு மணிக்கு ஆரம்பிச்சோம். ஆய்வாளர் வர்றதுக்குள்ள பின்பக்கம் முடிஞ்ச மாதிரி தெரியணும்னு என்ஜினியர் சார் சொன்னாரு.”

எண்ணினாள். ஒன்பது.

“மிச்சம் மூணு எங்க?”

“கீழ முதல் மாடியில ரெண்டு, அங்க இன்னும் போகல. நாலாவது மாடி இடது மூலையில ஒண்ணு. அந்த ஜன்னல் அளவு தப்பா வந்துடுச்சு.”

சாரத்தின் மேல் பாதியைச் சுவரோடு பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு குழாய். அதன்மேல் பதினொரு பேர். வெளியே காற்று வேறு எழும்பியிருந்தது. தூசிக்காகக் கட்டியிருந்த பச்சை வலை கப்பல் பாய் போல உப்புவதும் தளர்வதுமாக இருந்தது.

“நீ கீழ ஓடு. சாரத்துக்கு அடியில ஒரு ஈ காக்கா நிக்கக் கூடாது, ஏணியில யாரும் ஏறக் கூடாது. கத்தாத. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு” என்று பெரியவனை விரட்டினாள். மற்றவனிடம், “நீ என்கூட வா. மேல இருக்கற அந்த ஒண்ணுல மட்டும் கைய வெச்சே…” என்றாள். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

நாலாம் மாடி இடது மூலை. ஜன்னல் திறப்பின் குறுக்கே அந்த ஒற்றைக் குழாய். காற்று வலையை உப்பச்செய்த ஒவ்வொரு முறையும் அதை இறுக்கியிருந்த இரும்புக் கிளாம்ப் ‘க்ரீச்’ என்றது. குனிந்து வெளியே பார்த்தாள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே காலையில் ஒரு சாண் இருந்த இடைவெளி இப்போது ஒன்றரைச் சாண்.

அந்தத் தளத்தில் நான்கு பேர், அதற்கு மேல் தளத்தில் ஏழு பேர். எல்லோரும் பூச்சு வேலை மும்முரத்தில். மற்ற ஜன்னல்களில் எல்லாம் புத்தம்புதுக் கம்பி. வெளி ஏணியில் பதினொரு பேரும் இறங்கினால் அந்த ஆட்டமே சாரத்தைச் சாய்த்துவிடும். உள்ளே வர இந்த ஒரு திறப்புதான் வழி. ‘ஆபத்து’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் ஒரே பக்கம் ஓடிவருவார்கள். அதோடு கதை முடிந்தது.

திறப்புக்கு வெளியே இரண்டடி தூரத்தில் கொத்தனார் நின்றிருந்தார். அவளுடைய கொத்தனார்.

“என்ன மேடம், ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறீங்க? ஆளு தப்பிச்சு ஓடிடுவேன்னா?”

கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஒரே ஓர் எட்டு, அவர் உள்ளே. அவள் கை கொஞ்சம் நீளவும் செய்தது. ஆனால் பாரம் முதலில் குறைய வேண்டியது உச்சியில், வலது கோடியில். பிடிப்புக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் கடைசியில்தான் வரவேண்டும். வகுப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. அன்றைக்கு அதைப் படிக்காமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

இடுப்புப் பையிலிருந்து வருகைப் பதிவு நோட்டை எடுத்தாள்.

“எல்லாரும் கேளுங்க! ஆய்வாளர் தலை எண்ணணுமாம். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தரா இந்த ஜன்னல் வழியா உள்ள வரணும். சட்டி, கரண்டி எல்லாம் அங்கயே இருக்கட்டும். ஓடினா பேர அடிச்சிடுவேன்!”

மேலேயிருந்து முனகல் எழுந்தது. “இது என்ன பள்ளிக்கூடமாக்கா?”

“ஆமா. நான்தான் டீச்சர். மேல் தளம், வலது கோடி. ரேடியோ!”

வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ. அவனோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அக்கா, பூச்சு பாதியில நிக்குது. இப்ப விட்டா காஞ்சிடும், ஒட்டுத் தெரியும். அவரு வேணும்னா கீழேருந்து எண்ணிக்கட்டும், நான் கைய ஆட்டறேன்.”

காற்று இன்னொரு முறை வலையை இழுத்தது. கிளாம்ப் கத்தியது. கொத்தனார் அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார். குழாயைப் பார்த்தார். பிறகு சுவரோடு வரிசையாக மற்ற ஜன்னல்களைப் பார்த்தார். கம்பி இருந்தது, குழாய் இல்லை. கடைசியாக அவளைப் பார்த்தார். முப்பது வருஷம் சாரத்தில் நின்றவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. நின்ற இடத்தைவிட்டு ஒரு விரல்கூட அசையாமல், அண்ணாந்து, வழக்கமான கேலிக் குரலில் கூவினார்:

“டேய் ரேடியோ! ஒட்டுத் தெரியறது இருக்கட்டும். உன் சுவருக்கு வயிறு தள்ளியிருக்குடா. ஏழு மாசம் இருக்கும்!”

“யாரு சுவருக்கு? என் சுவருக்கா?”

“இங்கேருந்து பாத்தா பச்சையாத் தெரியுது. ஆய்வாளரும் பாக்கத்தான் போறாரு.”

கொத்துவேலைக்காரனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அவன் சுவர் நேராக இல்லை என்று மட்டும் சொல்லக்கூடாது. ரேடியோ கரண்டியைப் போட்டான். “இருண்ணே, வந்து பாக்கறேன். வயிறு இல்லேன்னா உன்ன விடறதா இல்ல.”

“மெதுவா வாடா. ஓடினா வயித்துல இருக்கற புள்ளைக்கு ஆகாது.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் நடை தானாகத் தளர்ந்தது. ரேடியோ இரண்டு தளங்களுக்கும் நடுவே இருந்த சிற்றேணியில் இறங்கி, குழாய்க்கு அடியில் குனிந்து அறைக்குள் வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் அவன் சட்டையைப் பிடித்து உட்புறச் சுவரோரம் உட்காரவைத்தாள். “பேசாத. சாரம் கழண்டிருக்கு.” ரேடியோ முதன்முறையாக நின்றுபோனான்.

“நெட்டை!”

“உள்ளேன் ஐயா.”

“மாப்பிள்ளை!”

“கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சுக்கா, இன்னுமா மாப்பிள்ளை?”

“உன் மாமனாரைக் கேளு. வா.”

ஒவ்வொருவராக வந்தார்கள். நான்கு. ஐந்து. ஏழு. மேல் தளம் காலியானது. எட்டாவதாக வந்தவர் குனிய மறந்து ஹெல்மெட்டால் குழாயில் இடித்தபோது அவள் கிளாம்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்தாள். ஒன்பது. வெளியே மைனா என்ற சித்தாளும் கொத்தனாரும்தான் மிச்சம்.

அப்போதுதான் பெரிய காற்று வந்தது. வலை படாரென்று உப்பியது. பலகை சுவரைவிட்டு ஒரு முழம் விலகியது. ஒரு கலவைச் சட்டி தானாகவே நகர்ந்து, விளிம்பில் தயங்கி, நாலு மாடி கீழே போய் ‘டங்’ என்றது. மைனா வீறிட்டாள்.

“கீழ பாக்காத கண்ணு, என்னப் பாரு!” அட்டைக்காரி பாதி உடம்பை வெளியே நீட்டினாள். உள்ளே ரேடியோவும் நெட்டையும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கொத்தனார் பின்னாலிருந்து மைனாவைத் தூக்கித் தள்ள, அவள் மணிக்கட்டு இவள் கைக்குள் வந்தது. பத்து.

“கொத்தனாரே!”

அவர் அந்த ஒரு முழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க… வந்துடுங்க!”

குதித்தார். எட்டு கைகள் அவரைப் பிடித்தன. முழங்கால் உராய்ந்து தரையில் விழுந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டே, “பேரு கூப்பிடறது இப்படித்தானா மேடம், கடைசியிலயா?” என்றார். அவள் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

சாரம் விழவில்லை. அந்த ஒற்றைக் குழாயில் தொங்கியபடி, வெளிப்பக்கமாகச் சாய்ந்து, முனகிக்கொண்டு நின்றது.

ஆய்வாளர் வந்தபோது என்ஜினியர் வெளிறிப்போயிருந்தார். அவள் காதருகில், “அக்கா, ஏணியடியில பச்சைய எடுத்துட்டு சிவப்பு அட்டைய மாட்டிடச் சொல்றேன். நீங்க கண்டுபிடிச்சு எல்லாரையும் இறக்கிட்டீங்க. அவ்வளவுதான் நடந்தது” என்றார்.

“அந்தப் பச்சைய யாரும் தொடக் கூடாது” என்றாள்.

ஆய்வாளர் நரைத்த, அதிகம் பேசாத மனிதர். சாரத்தை நெடுநேரம் பார்த்தார். அட்டையைப் படித்தார். “இது யார் கையெழுத்து?”

“என்னுதுதான் சார். ஏழு பத்துக்குப் பாத்தேன், பன்னிரண்டும் இருந்தது. எட்டு மணிக்கு ஜன்னல்காரங்க கழட்டியிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லல. அவசரம்னு அவங்களை அனுப்பினது ஆபீஸ். ஜன்னல் வேலை ஆரம்பிச்சதும் நான் மறுபடி வந்து பாத்திருக்கணும். பாக்கல. ரெண்டரை மணி நேரம் என் பச்சை பொய் சொல்லிட்டு நின்னுச்சு.”

என்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதினார். மறு உத்தரவு வரும்வரை வேலையை நிறுத்தவேண்டும். விசாரணை முடியும்வரை அவள் கையெழுத்துப் போடும் அட்டைகளின் புத்தகத்தை ஒப்படைக்கவேண்டும். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பைக்குள் வைக்கப்போனபோது, “சார், ஒரு நிமிஷம். வாங்கிக்கிட்டதுக்கு ரசீது குடுங்க” என்றாள்.

ஆய்வாளருக்கு அன்று முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. “எழுதித் தர்றேன்மா.”

அவர் எழுதிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பதினொன்று. யாரோ எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.