மச்சாளின் குசினித் தரை

கடைக் கவுண்டரில் நின்று நின்று கால் நரம்பு புடைத்துப்போன பிறகுதான் டைல்ஸ் பதிக்கும் வேலைக்கு மாறினேன். நாற்பது தாண்டின பிறகு இதென்ன விசர் என்று வீட்டில் கேட்டார்கள். இவ்வளவு காலமும் நின்று உழைத்தேன், இனி முழங்காலில் இருந்து உழைத்துப் பார்க்கிறேன் என்றேன். என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சேர்ந்த கட்டட நிறுவனத்தை நடத்துகிறவர் ஒரு கறுப்பினப் பெண். ஜமேக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டன் லூயிஷமில் பிறந்து, வயரிங் வேலை பழகி, ஒரு பழைய வேனோடு தொழில் தொடங்கியவர். இப்போது டாகன்ஹாமில் ஒரு யார்டும் வாசலில் வரிசையாக வேன்களும் இருக்கின்றன. புதன்கிழமைகளில் அந்த வேன்கள் அசையாது. அன்றைக்கு எல்லோருக்கும் சம்பளத்தோடு படிப்பு. பூச்சுக்காரர் குழாய்க்காரருக்குச் சொல்லிக்கொடுப்பார், தச்சர் எனக்குச் சொல்லிக்கொடுப்பார். வாரத்தில் ஒரு நாளை வீணாக்குகிறாள் என்று மற்ற கொம்பனிக்காரர்கள் சிரித்தார்களாம். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

புதிதாக வருகிறவர் யார்டின் மூலையில் ஒரு சின்னக் குளியலறைக்கு டைல்ஸ் பதிக்க வேண்டும். முதலாளி வந்து சுத்தியல் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். பிறகு அதை நாங்களே உடைக்க வேண்டும். நான் முதலில் பதித்த சுவரை உடைத்த அன்று தூசிக்குள் நின்று ஒப்பாரியே வைத்தேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "இன்னொரு தடவை," என்றார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏன் இப்படி வாட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "வேறு யாராவது போட்ட தரை ஆடினால், தரை ஆடுகிறது என்பார்கள். நாங்கள் போட்ட தரை ஆடினால், இவர்களிடம் கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள்," என்றார். அடுத்த சுவரைச் சத்தம் போடாமல் உடைத்தேன்.

சான்றிதழ் எடுக்கும் நேரம் வந்தது. ஒரு முழுத் தரையை நான் தனியாகப் பதிக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து பார்ப்பார். தேறினால் இனித் தனியாக வேலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் மற்றவர்களுக்குப் பசை குழைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து, குட்மேய்ஸில் இருக்கும் என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, வீட்டின் பின்பக்கத்தைப் பெருப்பித்துப் சமைக்கப் புதுக் குசினி கட்டத் தீர்மானித்தார். வேலையை எங்கள் கொம்பனிக்கே கொடுங்கள் என்றேன்.

"அது கறுப்பு ஆக்களின்ர கொம்பனியல்லோடி?" என்றார்.

"ஓம் மச்சாள். நாங்கள் மட்டும் என்ன, பாலிலை குளிச்ச நிறமோ?"

"நான் அதுக்குச் சொல்லேல்லை."

"பின்ன எதுக்குச் சொன்னனீங்கள்?"

கணவர் கண்ணால் சாடை காட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. கடைசியில் மச்சாள் ஒத்துக்கொண்டார். சுவரும் கூரையும் முதலாளியின் ஆட்கள், தரை நான். அதையே பரிசோதகருக்குக் காட்டுவது என்று முடிவானது.

ஒரு வியாழக்கிழமை பதித்து முடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி மாதிரி இருந்தது. போகும்போது குசினி வாசலில் குறுக்காக நாடா ஒட்டினேன்.

"மச்சாள், நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது."

"ஓம், ஓம். என்ன, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுறாய்!"

மறுநாள் பின்னேரம் முதலாளியோடு போனேன். நாடா ஒட்டினபடியே இருந்தது. உள்ளே கால் வைத்ததும் கண்டேன். நடுவில் சில டைல்ஸ் அமிழ்ந்திருந்தன, சில ஓரத்தால் தூக்கிக்கொண்டு நின்றன. முதலாளி தட்டினார். வெறும் பானைச் சத்தம். பசையைப் பிழையாகக் குழைத்தேனா, தண்ணீர் கூடிவிட்டதா என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். மச்சாள் வாசலில் நின்று பார்த்தார்.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். நான் ஒண்டும் சொல்லேல்லையப்பா."

யாராவது உள்ளே நடந்தார்களா என்று முதலாளி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"சப்பாத்து செருப்போட ஒருத்தரும் போகேல்லை," என்றார் மச்சாள், சாமி மேல் சத்தியம் பண்ணுகிற முகத்தோடு. சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அப்போது என் போன் கிணுகிணுத்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ, அதன் கீழே கனடாவிலிருந்து ஒரு சித்தி, "குசினி நல்ல வடிவு, வாழ்த்துகள்," என்று எழுதியிருந்தார். திறந்தேன். தோட்டத்துக் குழாயடியில் மச்சாள், பட்டுச்சேலையில். "எல்லாரும் வடிவாய்க் காலைக் கழுவிப்போட்டு வாங்கோ, தரை புதுசு!" என்று அதட்டுகிறார். பிறகு நாடாவைப் பக்குவமாக உரித்துச் சுவரோரம் ஒட்டி வைக்கிறார். பிறகு என் தரையின் நட்டநடுவில் ஒரு காஸ் அடுப்பு, புதுப் பானை, சுற்றிவர ஒரு பஸ் கொள்ளும் சனம், ஈரக் காலோடு. ஒரு பெரியப்பா எல்லோரையும் படத்துக்குள் அடக்குவதற்காகப் பின்னால் பின்னால் போகிறார். பால் பொங்குகிறது. "பொங்குது, பொங்குது!" என்று அத்தனை பேரும் ஓரடி முன்னால் பாய்கிறார்கள்.

பால் காய்ச்சுவது ஞாயிறு என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு அட்டமி, வெள்ளி காலை நல்ல நேரம் என்று ஐயர் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டாராம், அதுவும் குழுவில்தான் கிடந்தது. கால் வைக்காதே என்றது அழுக்குப் படும் என்பதற்காக என்று மச்சாள் தானே முடிவு கட்டியிருக்கிறார். அட கடவுளே!

முதலாளிக்கு வீடியோவைக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கோ உச்சந்தலை கொதித்தது.

"இப்பவே கொண்டுபோய் அவவிடம் காட்டுகிறேன்!"

"வேண்டாம்," என்றார். "தரை சரியில்லை. இன்றைக்குக் கழற்று, நாளைக்குப் பதி. கதை பிறகு."

"திங்கட்கிழமை பரிசோதகர் வந்து, ஏன் இரண்டாம் தரம் பதித்தாய் என்று கேட்பாரே? என் வேலை பிழை என்றல்லவா எழுதுவார்?"

"எழுதக்கூடும். என்ன சொல்வது என்று நீயே தீர்மானி. உன் வாய், உன் குடும்பம்."

நல்ல நியாயம்! உண்மையைச் சொன்னால் என் கணவரின் அக்காவை அவர் வீட்டுக்குள்ளேயே மானங்கெடுத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் என் சான்றிதழ் போச்சு. சனிக்கிழமை முழுதும் பல் வைத்த பூச்சுக் கரண்டியால் பசையைக் கோடு கோடாக இழுத்தபடி மச்சாளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். நடுவில் அவர் தேத்தண்ணியோடு வாசல்வரை வந்தார். கழற்றி வைத்த டைல்ஸைப் பார்த்தார்.

"என்னடி, உடைஞ்சு போச்சோ?"

"இல்லை மச்சாள். அடியில பசை காயிறதுக்கு முன்னம் பாரம் ஏறினது."

கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு, பேசாமல் போனார். மச்சாள் பேசாமல் போனதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். ஞாயிறு முழுக்க அந்த வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாராம், ஒரு குருவியையும் உள்ளே விடவில்லை என்று கணவர் சொன்னார்.

திங்கட்கிழமை பரிசோதகர் வந்தார். மெலிந்த, சிரிக்காத வெள்ளைக்காரர். மட்டம் வைத்தார், தட்டினார், முழங்காலில் இருந்து ஓரங்களைப் பார்த்தார். பிறகு முதலாளி கொடுத்த வேலைப் பதிவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது இரண்டாவது தடவை பதித்தது. முதல் தடவை என்ன நடந்தது?"

முதலாளி சுவரோடு சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மச்சாள் தட்டில் வடையோடு வாசலில். சொல்லடி, சொல்லடி என்று மனம் அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. வாய்க்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு!

"முதல் தடவை சரியாகப் பிடிக்கவில்லை," என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார்.

"நோ, நோ, சேர்!" மச்சாள் தட்டோடு உள்ளே வந்துவிட்டார். "ஷி டெல் மீ. டோன்ட் வோக். ஐ வோக். ஓல் ஃபெமிலி வோக். பூசை. மை மிஸ்டேக்." நடக்க வேண்டாம் என்று நான் சொல்லியும் நடந்தது தாங்கள்தான் என்பதைத் தெரிந்த இங்கிலீசில் சொல்லி முடிக்க அவருக்கு மூச்சு வாங்கியது. "ஷி குட். வெரி குட் வேர்க்கர்."

பரிசோதகர் மச்சாளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். இதைப்போலத் தட்டையான தரையை இந்த வருடம் பார்க்கவில்லை என்றார், தேறிவிட்டாய் என்றார். வடையும் எடுத்தார். முதலாளி என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

எல்லோரும் போன பிறகு மச்சாள் குசினிக்குள் தட்டைக் கழுவிக்கொண்டு நின்றார், முகத்தைத் திருப்பாமல்.

"வெள்ளைக்காரனுக்கு முன்னால என்னை மானங்கெடுத்துப்போட்டாய்."

"நான் ஒண்டுமே சொல்லேல்லையே, மச்சாள்."

"அதுதானேடி," என்றார்.