காலியாகத் தெரிந்த டிரைவ்

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, சவரிமுத்து ஐயா கொண்டுவந்த பழைய சிபியு பற்றித்தான்.

செம்பட்டிப் பக்கம் தக்காளி விவசாயம் செய்பவர் அவர். ஞாயிறு பூசையில் வாசகம் வாசித்தவரும்கூட. தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மனைவி சகாயமேரியுடன் திண்டுக்கல்லில் இருக்கும் என் கடைக்கு வந்தார். பேசியதெல்லாம் அந்த அம்மாதான்.

"பாப்பா, ஆபரேசனுக்கு முன்னாடி, மக கல்யாணத்துக்குன்னு ஒரு செபம் பேசி இதுல பதிஞ்சு வச்சாரு. கோயிலுக்குப் பொறப்படுறப்ப அப்பன்தான ஆசீர்வாதம் சொல்லணும்? இப்பக் கல்யாணம் வந்துருச்சு. தொறந்து பாத்தா ஒண்ணையும் காணோம். வேறொரு கடையில எல்லாம் அழிஞ்சு போச்சு, மொத்தமாத் தொடச்சு பார்மட் போட்டுத் தாரோம்னாங்க. இவரு விடல. பொட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு."

"போன்ல காப்பி இருக்காம்மா?"

"இல்ல பாப்பா. மைக்க இதுலயே மாட்டித்தான் பேசுனாரு."

விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய மிஷின். டி டிரைவைத் திறந்தேன். உண்மையிலேயே காலியாகத்தான் தெரிந்தது. ஆனால் பிராப்பர்ட்டீஸில் பார்த்தால் டிரைவ் பாதி நிரம்பியிருந்தது. பென்டிரைவ் வழியாக வரும் ஒருவகை வைரஸ் போல்டர்களை அழிக்காது, மறைத்துவிடும். அதுவாக இருக்கலாம் என்று தோன்றியது. அவர்களிடம் சொல்லவில்லை. உறுதியில்லாமல் நம்பிக்கை கொடுக்கப் பயமாக இருந்தது.

ஹார்ட் டிஸ்க் பழசு, சத்தம் வேறு போட்டது. அதனால் முதலில் இன்னொரு டிஸ்க்கில் அதன் முழு நகலை, அதாவது குளோன், எடுத்தேன். ரொம்ப நேரம் பிடித்தது. டீ சொல்கிறேன் என்றேன். ஐயா தலையாட்டி மறுத்துவிட்டார்.

பிறகு குளோனில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து dir /a கொடுத்தேன். மறைந்திருப்பதையும் அது காட்டும். வரிசையாக விழுந்த பெயர்களில் ஐயா ஒன்றின் மேல் விரலை வைத்தார். மகளின் பெயர், ஸ்டெல்லா.

மறைப்பை எடுக்க attrib -h கொடுத்தேன். சிஸ்டம் பைல், மாற்ற முடியாது என்று மறுத்துவிட்டது. ஹிடனோடு சிஸ்டம் என்ற முத்திரையையும் வைரஸ் சேர்த்துக் குத்தியிருந்தது. அப்படியானால் இரண்டையும் ஒரே கட்டளையில் எடுக்க வேண்டும். attrib -s -h கொடுத்து, போல்டர்களுக்கும் உள்ளே இருப்பவற்றுக்கும் சேர வேண்டும் என்பதற்காக /s /d சேர்த்தேன். போல்டர் வந்தது. உள்ளே ஒரே ஒரு ஆடியோ பைல். ஓடவிட்டேன்.

"பிதா, சுதன்..." என்று கனத்த குரல் ஒன்று எழுந்தது. ஐயா சட்டென ஸ்பீக்கரைக் கையால் பொத்தினார்.

"நிப்பாட்டிரு பாப்பா," என்றார் அந்த அம்மா. "மொதல்ல மக கேக்கட்டும்."

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கோயிலுக்குப் புறப்படும்முன் ஸ்டெல்லா அப்பா முன்னால் முழங்காலிட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். ஸ்பீக்கரிலிருந்து அவர் குரல் வந்தது. பாதியில் இருமல். "செத்த இரு மேரி, தண்ணி குடு" என்றது குரல். டம்ளர் வைக்கும் சத்தம். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி தொடங்கியது.

"சாமி, எம்புள்ள போற வீட்டுல இவ பேச்சக் காது குடுத்துக் கேக்க ஆளு இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஐயாவின் உதடுகள் அந்தச் சொற்களோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. ஸ்டெல்லா அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

டிரைவ் காலி என்று சொல்லும்முன் dir /a கொடுத்துப் பாருங்கள். குளோன் எடுக்காமல் பழைய டிஸ்க்கில் கை வைக்காதீர்கள். இவை ஒரு வாரத்தில் பழகிவிடும். பார்மட் என்று சொல்ல வாயெடுக்கும்முன், உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எதிரில் நிற்பவரிடம் கேட்பதுதான் பலருக்கும் பழகுவதில்லை. அதைக் கேளுங்கள்.