வால்வெள்ளி தேநீர்க் கடையும் எங்கள் அண்ணரும்

எங்கள் அண்ணர் மயிலிட்டியில், கடல் இரைச்சல் கேட்கும் வளவு ஒன்றில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா வேளைக்கே காலமாகிவிட்டதால் மீசை அரும்பும் முன்பே கடலுக்குப் போகத் தொடங்கினார். அம்மாவைக் கடைசிவரை பார்த்ததும், என்னைப் பள்ளிக்கு அனுப்பியதும் அவர்தான். எட்டாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டு ஓடியது அவருடைய பிழையன்று. அண்ணரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டு மலருக்குப் படித்தவர் எவரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். "உம்மாலை நடந்த கதையை நீரே எழுதும்" என்று அண்ணி சொல்லிவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியாது. சிறுவயதிலிருந்தே அப்படித்தான். புத்தளத்து உப்பளம், மன்னார், வவுனியாவில் லொறி என்று கிடைத்த வேலையைச் செய்தேன். பட்டினி கிடந்த நாளும் உண்டு. லொறிக்கு அடியில் படுத்த நாளும் உண்டு. எண்பத்தாறில் வானத்தில் வால்வெள்ளி தெரியும் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அதைப் பார்க்க ஊர்ச்சனம் விடியப்புறம் கடற்கரையில் கூடி நின்றது. எனக்கு அது தெரியாது. ஊரை விட்டுப் போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் தோளில் பையுடன் அந்த வழியால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். கூட்டத்திலிருந்து ஒருவர், "அது வருதோ இல்லையோ, எங்கடை வால்வெள்ளி வந்திட்டுது!" என்று கத்தினார். எங்கள் ஊரில் பட்டப்பெயர் ஒருமுறை விழுந்தால் பிறகு பிறந்த பெயரை ஆரும் தேடமாட்டார்கள். எனக்கும் அந்தப் பட்டம் பிடித்துப்போனது. போன இடமெல்லாம் அதையே பெயராகச் சொன்னேன். லொறிக்காரர் பலருக்கு என் சொந்தப் பெயர் இன்றும் தெரியாது.

தொண்ணூறில் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நான் வெளியூரில் நின்றேன். அண்ணர் குடும்பம் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் ஒரு வளவின் மூலையில் கொட்டில் போட்டுக்கொண்டது. நான் போட்ட கடிதங்கள் ஆளில்லாத மயிலிட்டிக்குப் போயின. அண்ணருக்கோ கடிதம் போட என் விலாசம் தெரியாது. நான் உயிரோடு நிற்கிறேனா என்பதும் அவருக்குத் தெரியாது.

கடல் தொழிலுக்குப் போக முடியாத காலம். அண்ணர் வீதியோரம் ஒரு தேநீர்க் கடை போடத் தீர்மானித்தார். சீனி கிடையாது, பனங்கட்டிதான். அண்ணி வடை சுடுவதென்று ஒழுங்கு. எல்லாம் சரிவந்த பிறகு பெயரில் வந்து தடக்கியது. அண்ணியின் தகப்பனார், எங்கள் எல்லோருக்கும் மாமா, பிள்ளையாரின் பெயரை வைக்கச் சொன்னார். அண்ணி மகளின் பெயரைச் சொன்னார். அண்ணர் மீன்பெட்டிப் பலகையை எடுத்து, வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ரால் தானே எழுதி முடித்துவிட்டார். வெள்ளை எழுத்தில் 'வால்வெள்ளி தேநீர்க் கடை'. பக்கத்தில் நீண்ட வாலோடு ஒரு நட்சத்திரம்.

அன்றைய சண்டையை அண்ணி எத்தனையோ தரம் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார்.

"மருமகன், ஆரும் கடைக்கு உந்தப் பேர் வைப்பினமோ? வால்வெள்ளி கண்டால் அரசு கவிழும் எண்டு சொல்லுறவை" என்றாராம் மாமா.

"நான் அரசு நடத்தேல்லை மாமா. தேத்தண்ணிக் கடைதான் நடத்தப்போறன்."

அண்ணி விடவில்லை. "ஊரிலை இருக்கிற சாமி எல்லாத்தையும் விட்டிட்டு, வீடு தங்காத உவன்ரை பட்டமோ உங்களுக்குக் கிடைச்சது?"

"சாமியெல்லாம் இருக்க வேண்டிய இடத்திலை இருக்குது. உவன் எங்கை நிக்கிறான் எண்டுதான் தெரியேல்லை. இந்தப் பேரைக் கண்டால் எங்கடை கடை எண்டு அவனுக்கு விளங்கும்."

"அவன் காணாட்டில்?"

"கண்டவன் ஆரும் போய்ச் சொல்லுவான். பிள்ளையார் விலாஸ் எண்டு வைச்சால் ஆர் மினக்கெட்டுச் சொல்லுவான்? ஊரிலை அரைவாசிக் கடை பிள்ளையார் விலாஸ்தானே."

மாமா கடைசி முயற்சியாகக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். வெள்ளைப் பூ வந்தால் பிள்ளையாரின் பெயர், சிவப்பு வந்தால் அண்ணரின் பெயர். இரண்டையும் தனித்தனியே தாளில் மடித்துச் சந்நிதியில் வைத்து, ஐயர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை. மாமாவின் முகம் மலர்ந்தது. அண்ணர் விழுந்து கும்பிட்டு எழும்பி, "தன்ரை பேரைத்தான் கேட்டிருக்கிறார், குறை சொல்லேலாது. ஆனால் அவருக்கு இவ்வளவு பெரிய கோயில் இருக்குது" என்றார். ஐயரும் சிரித்துவிட்டார். பிறகு மாமாவால் என்ன செய்ய முடியும்? கோபித்துக்கொண்டு போய், அடுத்த நாள் காலை தேநீர் குடிக்க முதல் ஆளாக வந்து நின்றார்.

தொடக்கத்தில் வியாபாரம் மந்தம். கலியாணம் பேசப் போகிறவர்கள் பெயரைக் கண்டுவிட்டு மற்றப் பக்கத்தால் சைக்கிளை மிதித்தார்கள். அண்ணர் அசையவில்லை. பெயரின் காரணத்தைக் கேட்ட எல்லோருக்கும், "அது என்ரை தம்பி. எங்கையேனும் கண்டால் சொல்லுங்கோ" என்றே பதில் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். பெயரைப் பார்க்கவென்றே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் அண்ணியின் வடைக்காகத் திரும்பவும் வந்தார்கள். சிதறிப்போன மயிலிட்டி ஆட்கள் பலகையைக் கண்டு, "உது எங்கடை ஆளின்ரை பட்டமல்லே?" என்று சைக்கிளால் இறங்கினார்கள். அவர்கள் எல்லோரைப் பற்றியும் அண்ணருக்குத் தெரியவந்தது. என்னைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை.

நான் அப்போது வவுனியாவில் லொறிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் எங்களுக்குப் பகிடி சொன்னார். "அங்கை சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. விசருக்கும் பைத்தியத்துக்கும் மட்டும் குறைவில்லை. கொழும்புத்துறையிலை ஒரு மனிசன் தேத்தண்ணிக் கடைக்கு வால்வெள்ளி எண்டு பேர் வைச்சிருக்கிறார்!"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு, "கடைக்காரர் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"அது தெரியாது. கேட்டால் தம்பியின்ரை பேர் எண்டு சொல்லுவாராம்."

கையிலிருந்த மூட்டையை ஏற்றி முடித்துவிட்டு, அந்தக் கிழமையே கிளாலிக் கடல் வழியால் யாழ்ப்பாணத்துக்குப் படகேறினேன்.

கடைக்கு முன்னால் போய் நின்றபோது அண்ணர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஆற்றியது நிற்கவில்லை, ஆனால் பாதி நிலத்தில் ஊற்றுண்டது. உள்ளே திரும்பி, "இஞ்சை பாரும், பேருக்குச் சொந்தக்காரன் வந்திட்டான்" என்றார். அண்ணி வடைமா ஒட்டிய கையோடு ஓடி வந்தார். "உம்மடை பேராலை எத்தினை கலியாணக்காரரின்ரை யாவாரம் தவறிப்போச்சுது, தெரியுமோ?" என்று ஏசினார். ஏசி முடியுமுன் என் கையில் மூன்று வடை இருந்தது. கடையில் நின்ற எல்லோருக்கும் அன்று அண்ணர் தேநீர் ஊற்றினார். மாமா இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்.

"ஆள்தான் வந்திட்டுதே. இனியாவது நல்ல பேர் ஒண்டு வையுங்கோ" என்றார் அண்ணி.

"உவனோ? நல்லூர்த் தேர் முடிய வெளிக்கிட்டிடுவான். இருக்கட்டும்" என்றார் அண்ணர். சொன்னபடியே வெளிக்கிட்டேன். போனேன், வந்தேன். வரும்போதெல்லாம் எங்கே வருவதென்று எனக்குத் தெரிந்திருந்தது.

அண்ணருக்குக் காய்ச்சல் கண்டபோது நான் வீட்டில் நின்றேன். ஆஸ்பத்திரியில் இருந்த மருந்தைத் தந்தார்கள்; இல்லாததற்கு அவர்கள் என்ன செய்வார்கள். அண்ணர் கடைசிவரை பகிடியை விடவில்லை. என்னைக் கூப்பிட்டு, "இந்தமுறை நான் வெளிக்கிடுறன். நீ கடையிலை நில். புதினம்தான்" என்றார். அவர் சிரிக்க நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த நாள் காலமானார்.

காடாற்று முடிந்ததும் மாமா, மருமகனின் பெயரையே கடைக்கு வைக்க வேண்டுமென்றார். பெயரை ஒருநாளும் பொறுக்காத அண்ணிதான் என்னைக் காட்டி மறுத்தார். "அவர் எங்கை இருக்கிறார் எண்டு எங்களுக்குத் தெரியும், அப்பா. உவர் திரும்பவும் போவார். போனால் எந்தப் பேரைக் கேட்டு வாறது?"

அண்ணரைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த கொழும்புத்துறை அயலவருக்கும், தாள் தட்டுப்பாட்டிலும் கொப்பித்தாள் தேடிப்பிடித்து இதை அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்து, சிரித்ததோடு நிற்காமல் அடுத்த ஆளுக்கும் சொன்னவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. உங்களில் ஒருவரின் முகமும் எனக்குத் தெரியாது. இந்த மலர் கையில் கிடைக்கும்போது நான் எங்கு நிற்பேனோ, அதுவும் தெரியாது. கடை திறந்திருக்கும். வந்து தேநீர் குடியுங்கள்.