மீன் விலைகளுக்கு நடுவே

காசிமேட்டில் ஏலம் முடிந்து கூடை தூக்கும் பெண்களின் கை உலர்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை. செதிலும் பனிக்கட்டித் தண்ணீரும் வழியும் அந்தக் கைகளால் கைபேசியைத் தொட முடியாது. ஆதலால், அவர்களைத் திருவொற்றியூர்ச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரர் ரஷீது, தம்முடைய கைபேசியை ஒவ்வொருத்தியின் வாயருகிலும் பிடிப்பார். வீட்டில் தூங்கும் பிள்ளைகளுக்குத் தாய்மார் சொல்வதைக் குரலாகவே பதிந்து அனுப்பிவைப்பார்.

பிலோமி தன் மகள் மெர்லினுக்குச் சொல்லும் செய்தி எப்போதும் ஒரேமாதிரி முடியும்: "எய்ந்துட்டேன்னு சொல்லு." ராயபுரத்து வீட்டிலிருக்கும் பழைய கைபேசியிலிருந்து, தூக்கம் கலையாத பதில் வரும். ரஷீது அதைப் பிலோமியின் காதில் வைப்பார். அதன் பிறகுதான் வண்டி கிளம்பும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பிலோமி சந்தையிலேயே மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

கிறிஸ்துமஸ் கழிந்த பின் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், அவள் கணவர் ஹென்றி மகளைக் கல்மண்டபம் ஆட்டோ நிறுத்தத்துக்கு அழைத்துவந்தார்.

"உங்ககிட்ட இன்னாவோ கேக்கணுமாம் பாய். என்கிட்ட சொல்ல மாட்டேங்குது."

எட்டு வயது மெர்லின் தரையைப் பார்த்தபடியே கேட்டாள். "பாய் மாமா, அம்மா மயங்கி வுயுந்த அன்னிக்கி மட்டும் எனக்கு ஒண்ணும் பேசி அனுப்பல. மொத நாளு ராத்திரி நான் சோத்துத் தட்ட தள்ளிவுட்டேன். அதுக்குத்தான் கோச்சுக்கினு பூடிச்சா?"

ரஷீதுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அந்தக் காலையிலும் பிலோமி பேசியிருந்தாள். கூடையை ஏற்றிக்கொடுத்ததில் அவருடைய கட்டைவிரலும் ஈரமாக இருந்தது. மெர்லினுக்குப் போகவேண்டிய குரல், மீன்காரப் பெண்கள் விலை போடும் வாட்ஸ்அப் குரூப்பில் போய் விழுந்துவிட்டது.

"சங்கரா மீனு வெல சொல்ற குரூப்புல, எங்கள பல்லு வெளக்கச் சொல்றியே பாய்," என்று, இடுப்புப் பையில் கைபேசி ஒலித்ததும் கூடைக்காரி பூவம்மா கிண்டல் செய்ய, வண்டி முழுக்கச் சிரிப்பு.

பிலோமி மறுபடி பேச ஒப்பவில்லை. "வுடு பாய், நேரமாவுது. சாய்ங்காலம் வூட்டாண்ட போயி நானே சொல்லிக்கிறேன்."

அவசரமாகத் தம் கைபேசியைத் துழாவினார் ரஷீது. இடம் அடைக்கிறதென்று வெள்ளிதோறும் எல்லாவற்றையும் அழித்துவிடுவது அவர் வழக்கம். ஒன்றும் இல்லை. பூவம்மாவைக் கூப்பிட்டார்.

அடுத்த தெருவிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள் பூவம்மா. "எனக்கு அழிக்கவே தெரியாது பாய். அல்லாம் அப்டியே கீது."

வஞ்சிரமும் நெத்திலியும் காலாவுமாக ஓடிய மீன் படங்களையெல்லாம் தாண்டி மேலே போனார்கள். ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே குரல் எழுந்தது.

"மெர்லினு, எய்ந்திரு. பல்லு வெளக்கு. கொயம்பு மூடி வச்சிகீறேன், பூன தள்ளிடப் போவுது. நேத்து உன்னைய கத்திட்டு எனக்குத்தான் தூக்கமே வரல. கோவம்லாம் ஒண்ணுமில்ல. அப்பாவ ஜடைய இறுக்கிப் போடச் சொல்லு. எய்ந்துட்டேன்னு சொல்லு."

மெர்லின் இன்னொரு முறை கேட்டாள். பிறகு கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, தாய் போனதிலிருந்து அழாத அழுகையை அழுதாள்.

ஹென்றி ரஷீதின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போன புடிக்கலன்னா இந்தக் கொரலே எங்களுக்கு இல்ல பாய். இத்தினி வருசம் ஒரு வார்த்த தேங்க்ஸ்னு சொன்னதில்ல நான்."

ரஷீதோ பூவம்மாவைத்தான் நன்றியோடு பார்த்தார். பூவம்மா கேட்டுக்கொண்டபடி, மெர்லின் வீட்டு எண்ணைக் குரூப்பிலேயே சேர்த்து, அவள் கைபேசியிலிருந்தே பிலோமியின் குரலை மீண்டும் போட்டார்.

மறுநாள் விடியலில் கூடைகள் ஏறின. பெண்களின் இடுப்புப் பைகளிலிருந்த கைபேசிகள் ஒரே நேரத்தில் ஒலித்தன. எல்லார் கையும் ஈரம். ரஷீதுதான் தம்முடையதை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"எய்ந்துட்டேன்ம்மா. பல்லும் வெளக்கிட்டேன்."

பிலோமி உட்காரும் ஓரம் இன்னும் காலியாகவே இருந்தது. ரஷீது அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் பாத்துக்கினு கீற? அதான் பதில் வந்திடிச்சில்ல," என்றாள் பூவம்மா, முழங்கையால் கண்ணைத் துடைத்தபடி. "வண்டிய எடு."