பெயின்ற் தேய்ந்த யன்னல் கம்பி

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் யாருடைய கையையும் பிடித்து நடந்தவள் இல்லை. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எங்கள் விறாந்தை யன்னலில் நடுக்கம்பி மட்டும் பெயின்ற் தேய்ந்து இரும்பு தெரிகிறது. என் வீட்டுக்காரர் பிடித்து நின்ற கம்பி அது.

அவர் வெங்காயத் தோட்டம் செய்தவர். செம்மண்ணில் வெறுங்காலோடு நடந்தே வயது போனவர். முழங்கால் நோவு வந்து நடை தளம்பியதும், கனடாவிலிருக்கும் மூத்தவள் மெத்தை போலத் தடித்த செருப்பு அனுப்பி, வீட்டுக்குள்ளும் போடச் சொன்னாள். எந்த வாசலிலும் செருப்பைக் கழற்றியே பழகிய மனிதர், மகள் வீடியோவில் பார்ப்பாளே என்று போட்டார். கால் நிலத்தை அறியாமல் இன்னும் தடுமாறினார். கிளினிக்கில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிள்ளைதான், "ஐயா, வீட்டுக்குள்ளை உந்தச் செருப்பைக் கழட்டுங்கோ. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு ஒற்றைக் காலிலை நிண்டு பழகுங்கோ" என்றாள்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. எங்கள் கோயில் தேருக்குப் பின்னால் பொல்லு ஊன்றாமல் வீதி சுற்றி வரவேண்டும். விடிய எழும்பி யன்னலடியில் நிற்பார். நான் பக்கத்தில் நிற்பேன்.

"இஞ்சாரும், கொக்கு மாதிரி நிக்கிறன். மீனைத்தான் காணேல்லை."

"மீன் சட்டியிலை கிடக்கு. மற்றக் காலைத் தூக்குங்கோ."

ஒருநாள் கம்பியை விட்டு நின்றார். இரண்டு கையையும் விரித்து, என்னைப் பார்த்து, கலியாணத்தன்று கூடச் சிரிக்காத சிரிப்பு ஒன்று சிரித்தார்.

தேர்த்திருவிழா கிட்டிவர, நித்திரையிலேயே போய்விட்டார். குளிப்பாட்டிக் கிடத்தி, ஒற்றைக் காலில் நிற்கப் பழகிய அந்தக் கால்களைப் பெருவிரலில் சேர்த்துக் கட்டினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. "இறுக்கிக் கட்டாதேங்கோ" என்று மட்டும் சொன்னேன். சாவுத் துடக்கென்று அந்த வருடம் கோயில் பக்கம் போகவில்லை. தேர் இழுக்கும் சத்தம் வீட்டுக்குக் கேட்டது.

இந்த முறை நான் போகப்போகிறேன்.

"அம்மா, விழுந்தால் ஆர் தூக்கிறது? சக்கர நாற்காலியிலை போங்கோவன்" என்கிறாள் மூத்தவள்.

"கொப்பர் சுற்ற ஆசைப்பட்ட சுற்று அது. இருந்துகொண்டு வரேலாது" என்று சொல்லிவிட்டேன்.

செருப்பு இன்னும் வாசலில் புதுசாகவே கிடக்கிறது. விடியற்காலையில் வெறுங்காலோடு வந்து அவர் பிடித்த இடத்தையே பிடிக்கிறேன். இரும்பு குளிர்கிறது. மற்றக் காலைத் தூக்கு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

பிள்ளை, எழுதினதை ஒருக்கா வாசி. கொப்பப்பா கம்பியை விட்டு நிண்ட இடம் வரேக்கை, கொஞ்சம் மெல்ல வாசி.