ஐந்து நாடுகள் பார்த்த கூறை

கீழ்வீட்டுத் தம்பதியர் கோடை விடுமுறைக்குக் காரில் புறப்பட்டால் அவர்களுடைய பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. ஜெர்மனியின் எசன் நகரில் நகரசபை எங்களுக்குக் கொடுத்த இரண்டு அறைகள் அவர்கள் வீட்டுக்கு நேர் மேலே இருந்தன. அவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய மனைவி, நாங்கள் வந்த முதல் குளிருக்கே எனக்குத் தன் கோட்டு ஒன்றைத் தந்தவர். எங்கள் அகதிக் கேஸுக்கு வரும் கடிதங்களை வாசித்து, அன்ட்ராக் என்று அவர்கள் சொல்லும் விண்ணப்பங்களை நிரப்பித் தருவதும் அந்த ஆசிரியர்தான். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்கள் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

இலங்கையில் நடந்த எண்பத்து மூன்றின் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் நாங்கள். என் தம்பி பாரிசுக்குப் போய்விட்டான். எசனிலிருந்து பாரிசுக்குக் காரில் ஐந்து மணித்தியாலம். ஆனால் எங்கள் கையில் இருந்த தாளில், நகர எல்லையைத் தாண்டக்கூடாது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். பக்கத்து நகரமான டுசல்டோர்ஃபுக்குப் போவதற்கே அனுமதி கேட்க வேண்டும். வேறு நாட்டை நினைத்தும் பார்க்க முடியாது.

தம்பிக்குக் கல்யாணம் பேசி முற்றாகியது. பெண் கொழும்பிலிருந்து வந்து பாரிசில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். எங்கள் வழக்கத்தில் கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அம்மா யாழ்ப்பாணத்தில், கடைகள் பாதி நாள் பூட்டிக் கிடந்த காலத்தில், நாலு தரம் அலைந்து அரக்குச் சிவப்பில் ஒரு கூறை எடுத்து, ஜெர்மனிக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தா. அது என் கைக்கு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. பெண்ணை உள்ளே கூட்டிப்போய்க் கூறை உடுத்தி, மணவறைக்குக் கொண்டுவந்து இருத்த வேண்டியவள். அவனுக்கு நான் ஒருத்திதான் அக்கா. எனக்குப் போக வழியில்லை. கூறையாவது போக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. தம்பி இருந்த கட்டடத்தில் பொதி எதுவும் மேலே வந்து சேராது, கீழேயே காணாமல் போய்விடும். அந்த நேரத்தில்தான் கீழ்வீட்டார் தங்கள் பயணத்தைச் சொன்னார்கள். ஆஸ்திரியா, இத்தாலி, பிரான்சின் தெற்குக் கரை, ஸ்பெயின், பிறகு பாரிஸ் வழியாக மேலே ஏறி பெல்ஜியம், வீடு. பாரிசைக் கடக்கும் நாள் வியாழன். கல்யாணம் ஞாயிறு. கடவுளே பார்த்து அனுப்பியது போல இருந்தது.

“கலியாணம் எண்டு சொல்லும். வடிவாச் சொல்லும்,” என்றார் என் கணவர்.

நான் சொல்லவில்லை. எனக்கு யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லை. பெரிய காரியம் என்று சொல்லிப் பிறர் தலையில் பாரம் ஏற்றுவது எனக்குக் கூச்சம். அகராதியைப் பார்த்து எழுதிப் பாடமாக்கிக்கொண்டு கீழே போனேன். “ஒரு சின்னப் பொதி. உங்களுக்கு நேரம் இருந்தால், கரைச்சல் இல்லாவிட்டால். இந்த நம்பருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும், என் தம்பி ஓடி வந்து வாங்கிக்கொள்வான்,” என்றேன். எங்கள் ஊரில் ஒருவர் வந்து ‘உங்களுக்கு அலுப்பில்லாட்டி’ என்று தொடங்கினாலே விஷயம் பெரிது என்று கேட்பவருக்கு விளங்கும். கீழ்வீட்டு அம்மா சிரித்தபடி வாங்கி, காரின் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் வைத்தார். மண்ணிறத் தாளில் சுற்றி, மஞ்சள் நூலால் கட்டி, நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

மூன்று கிழமை பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். ஒரு இலையைக்கூட வாடவிடவில்லை.

அந்த வியாழன் பின்னேரம் தம்பி தொலைபேசி எடுத்தான். “அக்கா, ஒருத்தரும் எடுக்கேல்லை. நான் ரெலிபோனுக்குப் பக்கத்திலையே இருக்கிறன்.”

“வருவினம். நல்ல சனம் அதுகள்,” என்றேன்.

வெள்ளி மத்தியானம் கார் வந்து வாசலில் நின்றது. நான் படியில் இறங்கி ஓடினேன். அந்த அம்மா வெயிலில் கறுத்து, நல்ல சந்தோஷமாக இருந்தார். என் பொதியை எடுத்து என் கையில் தந்தார். அதன் மேல் ஒரு சாக்லேட் பெட்டியும் வைத்தார். பாரிசில் பயங்கர நெரிசல், நிற்கவே முடியவில்லை, சுற்றுவீதியால் அப்படியே வந்துவிட்டோம், நீங்களும் நேரமிருந்தால் என்றுதானே சொன்னீர்கள் என்றார். நான் நன்றி என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போல இருக்கிறது. நன்றி என்று சொன்னேன்.

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. “நான் ரெயினிலை கொண்டு போறன்,” என்றேன் கணவரிடம்.

“விசரே? எல்லையிலை பிடிச்சா எங்கடை கேஸ் அதோடை சரி. பேந்து ரெண்டு பேரும் கொழும்புக்கு பிளேன் ஏற வேண்டியதுதான்.”

தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தோம். எல்லோர் கையிலும் அதே முத்திரை. ஞாயிற்றுக்கிழமை பெண் யாரோ ஒருவரிடம் இரவல் வாங்கிய சேலையை உடுத்துக்கொண்டு மணவறையில் இருந்தாள். யாரோ ஒருத்தி தோழியாக நின்றாள். நான் எசனில், மேசைக்கு மேல் அந்தப் பொதியை வைத்துக்கொண்டு, முகூர்த்த நேரம் முடியும்வரை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்லேட் பெட்டியைக் குப்பையில் போட்டேன். கணவர் எடுத்துத் தின்றார்.

இரண்டு கிழமை கழித்து, தங்கள் பயணப் படங்களைப் பார்க்க வரச்சொன்னார்கள். அங்கே அது ஒரு வழக்கம். விளக்குப் பெட்டியில் சின்னச் சின்னப் படங்களைச் செருகி, ஒவ்வொன்றாகச் சுவரில் பெரிதாகக் காட்டுவார்கள்.

“நான் வரேல்லை,” என்றேன் கணவரிடம்.

“வாரும். அடுத்த மாசம் எங்கடை கேஸுக்குக் கோர்ட்டுக்குப் பதில் எழுத வேணும். ஆரிட்டைப் போறது?”

போனேன். அவர்களுடைய சிநேகிதர்களான இன்னொரு தம்பதியரும் வந்திருந்தார்கள். திரையை இழுத்து அறையை இருட்டாக்கினார்கள். முதலில் ஆஸ்திரிய மலை, முன்னால் கார். பிறகு இத்தாலியில் ஒரு கடற்கரை, அங்கேயும் கார். அந்த ஆசிரியருக்குத் தன் கார் மேல் அவ்வளவு பிரியம். அப்போதுதான் பின்கண்ணாடிக்குள் மண்ணிறமாக ஏதோ தெரிவதைக் கண்டேன். மஞ்சள் நூலும் தெரிந்தது.

அதன் பிறகு நான் மலையையும் கடலையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் என் பொதியைத்தான் தேடினேன். இத்தாலியில் ஒரு கோயில் வாசலில் அது இருந்தது. பிரான்சில் படகுகளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஸ்பெயினில் அதற்கு மேல் ஒரு வைக்கோல் தொப்பி இருந்தது. தாள் வெயிலில் ஒரு பக்கம் வெளுத்துப் போயிருந்தது. நகர எல்லையைத் தாண்ட எனக்கு அனுமதியில்லை. என் அம்மா எடுத்த கூறை ஐரோப்பா முழுக்கச் சுற்றியிருக்கிறது.

அடுத்த படத்தில் ஒரு ஆறு, ஒரு பாலம், தூரத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்த இரும்புக் கோபுரம். கரையோரம் கார் நிற்கிறது. அந்த அம்மா நடைபாதையில் ஒரு சின்ன மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

“இங்கே இரண்டு மணித்தியாலம் இருந்தோம். இவளைக் கிளப்பவே முடியவில்லை,” என்று ஆசிரியர் சொல்ல, சிநேகிதர்கள் சிரித்தார்கள்.

“நிறுத்துங்கள்,” என்றேன்.

அந்த வீட்டில் என் குரல் உரக்கக் கேட்டது அன்றுதான். நான் எழுந்து போய்ச் சுவரில் விரலை வைத்தேன். படம் என் கைமேல் விழுந்தது. “இது என் பொதி. நிற்கவே முடியவில்லை என்று சொன்னீர்கள். இதற்குள் என் தம்பியின் பெண்சாதி தாலி கட்டும்போது உடுக்க வேண்டிய சேலை இருந்தது. அவன் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தான். நீங்கள் கோப்பி குடித்தீர்கள்.” என் ஜெர்மன் பிழையாகத்தான் இருந்திருக்கும். எல்லோருக்கும் விளங்கியது.

விளக்கைப் போட்டார்கள். அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “நீங்கள் ஏன் சொல்லவில்லை? சின்னப் பொதி என்றீர்களே. தெரிந்திருந்தால்...” என்றார்.

அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. அவர் சொன்னது உண்மை. நான் சொல்லவில்லை. ஆனால் என் சின்னப் பொதிக்கு ஒரு அழைப்பு எடுக்க, அதற்குள் கல்யாணமே இருக்க வேண்டுமா? வெறும் பனங்கட்டியாக இருந்தால் மூன்று கிழமை பின்கண்ணாடியில் காய்வதுதானா? இதையெல்லாம் சொல்ல எனக்குப் பாஷை போதவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

படியில் கணவர் பின்னால் வந்தார். “என்ன வேலை செய்தனீர்? அந்த மனிசன் இல்லாட்டி எங்கடை கடிதம் ஆர் எழுதுறது?”

“நான் எழுதுறன். இப்ப நான் கதைச்சது விளங்கினது தானே?”



அடுத்த நாள் காலை அந்த அம்மா மேலே வந்தார். கண் வீங்கியிருந்தது. கடிதங்களுக்கு ஒரு குறையும் வராது என்றார். பொதியை ஒரு நாள் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டார். ‘பரவாயில்லை, கரைச்சல் வேண்டாம்’ என்று சொல்ல என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். பிறகு சொன்னேன். “ஓம். வருகிற சனிக்கிழமை. மத்தியானத்துக்கு முன்பு போய்ச் சேர வேண்டும். தம்பிக்குச் சொல்லி வைக்கிறேன்.” ஓம் என்பது மட்டும் தமிழில் வந்துவிட்டது. அவருக்கு அது விளங்கிவிட்டது.

சனிக்கிழமை விடியப் போனார்கள், பொழுதுபடத் திரும்பி வந்துவிட்டார்கள். கூறை போய்ச் சேர்ந்தது. தாலி ஏறி மூன்று கிழமை கழித்து, ஒரு படம் எடுப்பதற்காக அதை அவள் உடுத்தாள். அந்தப் படத்தில் அவளுக்குப் பக்கத்தில் நான் இல்லை.

ஆசிரியர் காரைப் பூட்டிவிட்டு என் கணவரிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னலால் எனக்குக் கேட்டது. தம்பியின் வீட்டை மிகச் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டாராம். பெல்ஜியத்துக்குப் போகும் அதே பெருந்தெருவின் ஓரத்தில்தானாம். தெருவை விட்டு இறங்கினால் பத்து நிமிடமாம்.

பத்து நிமிடம்.

அடுத்த கோடையில் அந்த அம்மா சாவியோடு வந்து, பூச்சாடிகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். “நேரம் இருந்தால்,” என்றேன். சாவியை வாங்கி ஆணியில் கொழுவினேன். அந்த மூன்று கிழமையும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை.